ஒரே செய்தி, இரண்டு பாணி: கிராஃபிக் டிசைன் பாணிகளை முறையாக ஒப்பிடுவது எப்படி

இரண்டு டிசைன் பாணிகளை ஒப்பிடச் சொன்னால் பலரும் செய்வது ஒன்றுதான். இந்தப் பாணியில் புகழ்பெற்ற ஒரு போஸ்டர், அந்தப் பாணியில் புகழ்பெற்ற இன்னொன்று. இரண்டையும் அருகருகே வைத்து, "இது எளிமை, அது ஆடம்பரம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். நடிகை சாரா பெர்னார்ட்டின் 'ஜிஸ்மோண்டா' நாடகத்துக்காக அல்ஃபோன்ஸ் மூக்கா 1894 இறுதியில் வரைந்த போஸ்டரையும், ஜூரிச்சில் நடந்த பெத்தோவன் இசை நிகழ்ச்சிக்காக ஜோசஃப் முல்லர்-புரோக்மன் 1955இல் செய்த போஸ்டரையும் இப்படிப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆனால் அது எதனால் வந்த வேறுபாடு? ஒன்றில் முழு உயரப் பெண்ணுருவம், மற்றதில் கறுப்பு வளைவுகள் மட்டும். ஒன்று நாடகம், ஒன்று இசை. நடுவில் 60 ஆண்டு இடைவெளி, அச்சுத் தொழில்நுட்பமும் வேறு. இதில் பாணியின் பங்கு எது, உள்ளடக்கத்தின் பங்கு எது என்று பிரித்தெடுக்க வழியே இல்லை.

அதனால் செய்தியை அசையாமல் நிறுத்திவிட்டுப் பாணியை மட்டும் மாற்ற வேண்டும். அதே சொற்கள், அதே படம், அதே தாள் அளவு. இரண்டு முழு வடிவங்கள். வேலை கூடுதல்தான். ஆனால் பார்த்து மட்டும் எழுதும் ஒப்பீட்டில் கிடைக்காத விவரங்கள் கையால் செய்யும்போது ஒவ்வொரு நிமிடமும் எதிர்ப்படும்.

ஜோடியைத் தேர்ந்தெடுத்தல்

'நவீனம் எதிர் பழமை' என்பது ஜோடி ஆகாது. இரண்டுக்கும் விதிகள் இல்லை. ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு படம். எவர் செய்தார்கள், எந்தக் காலத்தில், எந்த விதிகளைப் பின்பற்றினார்கள் என்று சொல்ல முடிகிற பாணிகளை எடுங்கள். இன்னொரு நிபந்தனை, இரண்டும் ஒரே வகை வேலைக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். போஸ்டருக்குப் போஸ்டர், திரைக்குத் திரை.

இந்தக் கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொள்வது சுவிஸ் பாணியும் சைக்கடெலிக் போஸ்டரும். முதலாவது 1950களில் ஜூரிச், பாசல் நகரங்களில் உருப்பெற்றது: கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கோட்டுச் சட்டகம்), இடப்பக்கம் சீரான எழுத்து, முனைகளில் சிறு கொக்கிகள் இல்லாத சான்ஸ் செரிஃப் ஃபான்ட், வெற்றிடம். பின்னாளில் ஹெல்வெடிகா என்று பெயர் மாறிய ஃபான்ட்டும் யூனிவர்ஸும் 1957இல் வந்தவை. இரண்டாவது 1966, 67 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவின் இசை நிகழ்ச்சிகளுக்காகப் பிறந்தது: நெளிந்து உருகும் எழுத்து, கண்ணை அதிரவைக்கும் வண்ணம், இடைவெளியே இல்லாத பரப்பு. வெஸ் வில்சன், விக்டர் மொஸ்கோசோ இருவரும் அதன் முக்கியக் கைகள். மொஸ்கோசோ யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் வண்ணம் படித்தவர். இந்த ஜோடியை எடுக்க அதுவே நல்ல காரணம். சைக்கடெலிக் பாணி விதி தெரியாமல் வந்த குழப்பம் அன்று. வகுப்பறையில் கற்ற விதிகளைத் தெரிந்தே தலைகீழாக்கியது. ஒவ்வொரு விதிக்கும் நேர் எதிர் விதி இருப்பதால் ஒப்பிடுவது துல்லியமாகும்.

பாணி என்பது ஒருவரின் சுபாவம் என்று நினைப்பவர்கள் எழுத்தமைப்புக் கலைஞர் யான் சிஹோல்டைப் பார்க்கலாம். 1920களில் சமச்சீரற்ற அமைப்புக்கும் சான்ஸ் செரிஃபுக்கும் வாதாடிய அதே மனிதர், 1947 முதல் 1949 வரை பெங்குவின் பதிப்பகத்தில் நடுவமைத்த செவ்வியல் பக்கங்களை அதே கறார்த்தனத்தோடு ஒழுங்குபடுத்தினார். பாணி என்பது முடிவுகளின் தொகுப்பு. முடிவுகளை எண்ணலாம், அளக்கலாம்.

செய்தியைப் பூட்டுதல்

ஒரு தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: மூன்று சொல்லில் ஒரு தலைப்பு, தேதி, நேரம், இடம், 30 சொல்லில் ஒரு விளக்கம், ஒரு புகைப்படம். தாள் ஏ3, அதாவது 297 × 420 மி.மீ. எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது இரண்டாவது, எது மூன்றாவது என்பதையும் எழுதுங்கள். இதற்குப் பிறகு ஒரு சொல்கூட மாறக் கூடாது. "இந்த வடிவத்தில் தலைப்பு இடிக்கிறது, ஒரு சொல்லைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று இறங்கினால் அந்த இடத்திலேயே ஒப்பீடு கெட்டுவிடும். தலைப்பு இடிப்பதும் அந்தப் பாணியைப் பற்றிய தகவல்தான், குறித்துவையுங்கள்.

நிகழ்ச்சி எது என்பதிலும் கவனம் வேண்டும். ராக் இசை நிகழ்ச்சி என்றால் சைக்கடெலிக் தானாக வெல்லும்; அறிவியல் கருத்தரங்கு என்றால் சுவிஸ் வெல்லும். இரண்டுக்கும் சொந்தமில்லாத பொருள் நல்லது: புகைப்படக் கண்காட்சி, எழுத்துப் பயிலரங்கு போல.

மூலங்களை அளத்தல்

செய்யத் தொடங்கும் முன் ஒவ்வொரு பாணியிலும் ஐந்து மூல போஸ்டர்களை எடுத்து, மேலே டிரேசிங் தாள் வைத்து அல்லது மென்பொருளில் ஒரு லேயர் போட்டு, கோடுகளை இழுங்கள். எழுத்துகளின் இடது ஓரம் எத்தனை செங்குத்துக் கோடுகளில் விழுகிறது? எத்தனை எழுத்தளவுகள்? மிகப் பெரிய எழுத்து மிகச் சிறியதைப்போல் எத்தனை மடங்கு? எத்தனை மை வண்ணங்கள்? எதுவும் அச்சாகாத பரப்பு தோராயமாக எத்தனை சதவீதம்? எழுத்துக்குப் பின்னால் இருக்கும் தளமும் எழுத்தும் வெளிச்சத்தில், அதாவது நிறத்தின் பிரகாசத்தில், எவ்வளவு தள்ளி நிற்கின்றன?

ஐந்து என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே போஸ்டரை அளந்தால் அந்தக் கலைஞரின் தனிப் பழக்கத்தைப் பாணியின் விதியென்று எடுத்துக்கொள்வோம். ஐந்திலும் வருவதுதான் விதி. ஒன்றிரண்டில் மட்டும் வருவது கைப்பழக்கம். இந்தக் கணக்கெடுப்பை விட்டுவிட்டு நினைவிலிருந்து செய்தால் பாணியின் கேலிச்சித்திரம்தான் வரும்: சிவப்புச் சதுரம் போட்டால் சுவிஸ், வானவில் சுழல் போட்டால் சைக்கடெலிக் என்று.

சுவிஸ் வடிவம்

ஏ3 தாளில் இடமும் வலமும் 21 மி.மீ. மார்ஜின், மேலே 15, கீழே 20. உள்ளே கிடைப்பது 255 × 385 மி.மீ. இதை 5 மி.மீ. இடைவெளியோடு நான்கு பத்தி, ஆறு வரிசை என்று பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் சரியாக 60 மி.மீ. சதுரம்.

எழுத்தளவு மூன்று மட்டும்: விளக்கம் 14 பாயின்ட், தேதியும் இடமும் 28, தலைப்பு 96. ஒரே ஃபான்ட் குடும்பம், இரண்டு தடிமன். வரியிடைவெளி 14க்கு 20, 28க்கு 40, 96க்கு 120. எல்லாம் 20இன் மடங்காக இருப்பதால் அடுத்தடுத்த பத்திகளில் வரிகள் ஒரே கோட்டில் உட்காரும். லத்தீன் எழுத்தில் 14க்கு 17 போதும். தமிழில் மேலே இகரச் சுழியும் கீழே உகர வாலும் இருப்பதால் அவ்வளவு நெருக்கினால் வரிகள் முட்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால் மூலங்களில் அந்த வேறுபாடு செய்த வேலையைத் தடிமனிடமும் அளவிடமும் ஒப்படைக்க வேண்டும்.

படம் மேல் இரண்டு வரிசையில், வலப்பக்க மூன்று பத்தியில்: 190 × 125 மி.மீ. முதல் பத்தி அங்கே காலி. மூன்றாம் வரிசை முழுதும் காலி. தலைப்பு நான்காம், ஐந்தாம் வரிசையில், வரிக்கு ஒரு சொல். கடைசி வரிசையில் இடப்பக்கம் இரண்டு பத்தியில் விளக்கம், வலப்பக்கம் இரண்டில் தேதியும் இடமும். கறுப்பு, தாளின் வெள்ளை, கூட ஒரே ஒரு வண்ணம்.

இங்கே நிகழும் பெரிய தவறு காலியான மூன்றாம் வரிசையை நிரப்புவது. கை துறுதுறுக்கும், ஒரு கோடாவது போடலாமே என்று தோன்றும். அந்தக் காலி இடம்தான் படத்தையும் தலைப்பையும் இரண்டு தனிச் செய்திகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நிரப்பினால் எல்லாம் ஒரே கும்பலாகும். அடுத்த தவறு, கிரிட் போட்டுவிட்டு அதற்குள் எழுத்தை நடுவில் அமைப்பது. நடுவமைத்த வரிகளின் இடது ஓரம் ஒவ்வொன்றும் வேறு இடத்தில் விழும். பத்திக்கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். மூன்றாவது நுணுக்கமானது: பெரிய எழுத்துகளுக்கு இடது ஓரத்தில் ஃபான்ட்டுக்குள்ளேயே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். 96 பாயின்ட் தலைப்பு 14 பாயின்ட் விளக்கத்தைவிட ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே தள்ளித் தெரியும். மென்பொருள் சரியென்று சொன்னாலும் கண்ணால் பார்த்துத் தலைப்பை இடப்பக்கம் நகர்த்துங்கள்.

சைக்கடெலிக் வடிவம்

இங்கே கிரிட்டிலிருந்து தொடங்கக் கூடாது, வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும். புகைப்படத்தைச் சாம்பல் நிறங்கள் இல்லாத இருநிறப் படமாக்கி, தாளின் நடுவில் கிட்டத்தட்ட 40 சதவீதப் பரப்பில் வையுங்கள். அதைச் சுற்றிய மீதி இடம் முழுதும் எழுத்துக்கு. தலைப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வளைந்த பட்டை. பட்டைக்குள் எத்தனை எழுத்தோ அத்தனை அறை. எழுத்து தன் அறையை விளிம்புவரை நிரப்ப வேண்டும். அறைகளுக்கிடையே எல்லா இடத்திலும் ஒரே 2 மி.மீ. சந்து. வெஸ் வில்சன் வியன்னாவின் ஆல்ஃபிரெட் ரோலர் வரைந்த எழுத்துகளிலிருந்து எடுத்துக்கொண்டது இந்த முறைதான்: கறுப்பு எழுத்தாகவும் வெள்ளை இடைவெளியாகவும் இல்லாமல், இரண்டும் சம எடையுள்ள வடிவங்களாக நிற்பது.

இதைக் கையால் வரையுங்கள். பென்சிலில் பட்டை, அறை, எழுத்து என்று வரைந்து, மை போட்டு, ஸ்கேன் செய்து வெக்டராக்கலாம் (அளவு மாற்றினாலும் சிதையாத கோட்டு வடிவம்). ஏற்கெனவே இருக்கும் ஃபான்ட்டை மென்பொருளின் வார்ப் வசதியால் வளைத்தால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். பார்த்ததும் பொய்யென்றும் தெரியும். வார்ப், எழுத்தின் தண்டுகளை ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இழுக்கிறது. கையால் வரைந்ததில் தண்டு தடிமன் ஒத்திருக்கும், எலும்புதான் வளையும்.

தமிழின் சுழிகள் இந்தப் பாணிக்கு இயல்பாகவே ஒத்துப்போகும். அதே சுழிகள்தான் அபாயமும். உள்வெளிகளை அடைத்துக்கொண்டே போனால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும். சுழியின் உள்வெளி 3 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளி அறைக்குள் கரைந்துபோகக் கூடாது, மெய் உயிர்மெய்யாகப் படிக்கப்படும்.

வண்ணம்: எதிரெதிர் நிறங்கள், முழுச் செறிவு, ஆனால் ஒரே வெளிச்சம். மூன்றாவது நிபந்தனைதான் அதிர்வைக் கொடுப்பது. உதாரணமாக ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) அளவில் 255, 0, 0 சிவப்பும் 0, 148, 0 பச்சையும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம் கொண்டவை. இவற்றைத் தொட்டுத் தொட்டு வைத்தால் விளிம்பு ஆடும். நிறத்தில் பெரிய வேறுபாடு இருந்தும் வெளிச்சத்தில் வேறுபாடு இல்லாததால் கண் விளிம்பை உறுதியாகப் பிடிக்க முடிவதில்லை. பச்சையை 255க்கு ஏற்றினால் அதிர்வு தணிந்துவிடும். கறுப்புக் கோடு நடுவில் போட்டாலும் அப்படியே.

இரண்டு எச்சரிக்கைகள். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஜோடியில் எழுத்தே மறைந்துபோகலாம். ஆகவே தேதி, இடம், விளக்கம் மூன்றையும் தனி வளைவில், வெளிச்ச வேறுபாடு அதிகமுள்ள ஜோடியில் வையுங்கள். அடுத்தது, திரையில் கொதிக்கும் சிவப்பும் பச்சையும் சாதாரண சி.எம்.ஒய்.கே. (நான்கு மை) அச்சில் மங்கிவிடும். அச்சிட்டே ஒப்பிட வேண்டுமென்றால் தனி மை பயன்படுத்தும் அச்சகத்தையோ ஸ்கிரீன் பிரின்டையோ நாடுங்கள். மங்கிய பிரதியை வைத்து "இந்தப் பாணியில் அவ்வளவு தாக்கம் இல்லை" என்று எழுதுவது நியாயமில்லை.

அருகருகே வைத்துச் சோதித்தல்

இரண்டும் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு முடிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். ஒன்றில் நாலு மணி நேரம் உழைத்து இன்னொன்றை அரை மணியில் போட்டுவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது பாணிகளை அன்று, உழைப்பை.

முதலில் மங்கலாக்குங்கள். ஏ3 படத்தை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் 3508 × 4961 பிக்சல் வரும். அதில் 40 பிக்சல் அளவுக்குக் காசியன் பிளர். சுவிஸ் வடிவத்தில் மூன்று தனித் தொகுதிகள் தெரியும். சைக்கடெலிக்கில் ஒரே பெரிய உருவம் தெரியும். அடுத்து கிரேஸ்கேல், அதாவது நிறம் நீக்கிய சாம்பல் படம். சுவிஸ் வடிவம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மற்றதில் தலைப்பு தளத்தோடு கலந்து மறையும். மறையாவிட்டால் உங்கள் வண்ணத் தேர்வு தவறு, திரும்பிப் போய் வெளிச்சத்தைச் சமப்படுத்துங்கள். இணையத்துக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வெளிச்ச மாறுபாடு கேட்கிறது. சைக்கடெலிக் தலைப்பு 1:1ஐ, அதாவது மாறுபாடே இல்லாத நிலையை, ஒட்டி நிற்கும். அந்த எண்ணை ஒப்பீட்டில் அப்படியே எழுதுங்கள். எந்தப் பெயரடையையும்விட அது தெளிவாகப் பேசும்.

மூன்றாவது, ஐந்து விநாடிச் சோதனை. போஸ்டரை ஐந்து விநாடி காட்டி மறைத்து, என்ன நிகழ்ச்சி, எப்போது, எங்கே என்று கேளுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டையும் காட்டாதீர்கள். முதலில் பார்த்ததில் தேதி மனதில் பதிந்திருக்கும். இரண்டாவது போஸ்டருக்கு அந்தப் பெருமை போய்ச் சேரும். வேறு வேறு ஆட்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து பேர். ஐந்து விநாடியில் சைக்கடெலிக் தோற்பதைக் குறையாகப் பதிவுசெய்ய வேண்டாம். நின்று, நெருங்கி, புதிர்போல் படிக்கவைப்பதுதான் அதன் நோக்கம். ஆகவே அதே கேள்வியை 60 விநாடிக்குப் பிறகும் கேளுங்கள். எத்தனை பேர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் குறியுங்கள்.

நான்காவது, ஐந்தாவது சோதனைகளைத்தான் பலரும் செய்வதில்லை. இருப்பதிலேயே அதிகம் கற்றுத்தருபவை அவை.

ஒவ்வொரு போஸ்டரிலிருந்தும் எங்கேயாவது ஒரு 60 மி.மீ. சதுரத்தை வெட்டியெடுங்கள். அந்தத் துண்டை மட்டும் பார்த்து எந்தப் பாணி என்று சொல்ல முடிகிறதா? சைக்கடெலிக்கில் எந்தத் துண்டும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சுவிஸில் பெரும்பாலான துண்டுகள் ஊமை: கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் வெள்ளை. அந்தப் பாணி குடியிருப்பது பொருள்களில் அன்று, பொருள்களுக்கு இடையிலான தூரத்தில். ஃபான்ட்டை மட்டும் நகலெடுப்பவர்களின் வேலை ஏன் சுவிஸாக வருவதில்லை என்பதற்கு விடை இங்கே கிடைக்கும்.

பிறகு உறுப்புகளை மாற்றிப் பொருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். சுவிஸ் வடிவத்துக்கு அதிரும் வண்ணங்களைக் கொடுத்துப் பாருங்கள்: கத்தும், ஆனாலும் சுவிஸ்தான். வண்ணத்தைத் திருப்பிவிட்டு எழுத்தை நடுவமையுங்கள்: பாணி அந்த நொடியே போய்விடும். சைக்கடெலிக்கைக் கறுப்பு-வெள்ளையாக்குங்கள்: வீரியம் குறையும், அடையாளம் நிற்கும். கையால் வரைந்த எழுத்துகளை எடுத்துவிட்டு நேரான சான்ஸ் செரிஃப் வையுங்கள்: வெறும் வண்ணத் தாள். எதை எடுத்தால் பாணி விழுகிறதோ அது தூண். எடுத்தும் நிற்கிறதென்றால் அது பூச்சு. ஒவ்வொரு மாற்றத்தையும் தனி ஃபைலாகச் சேமித்து எண்ணிடுங்கள்.

எழுதுவதும் கலப்பதும்

ஒப்பீட்டை எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு, அதன் விளைவு, அது யாருக்கு உதவுகிறது என்ற மூன்றும் இருக்கட்டும். "சுவிஸ் சுத்தமாக இருக்கிறது" என்பதில் தகவல் இல்லை. "மூன்று எழுத்தளவு மட்டும் இருப்பதால், ஐந்து பேரில் நான்கு பேர் ஐந்து விநாடியில் தேதியைச் சொன்னார்கள், நடந்துகொண்டே படிப்பவருக்கு இது பொருந்தும்" என்று உங்கள் சோதனையின் எண்களோடு எழுதினால், படிப்பவர் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியும்.

திரை வடிவமைப்பில் ஒப்பிட விரும்பினால், நிஜப் பொருளைப் போல் தோல், மரம், நிழல் எல்லாம் காட்டிய பழைய இடைமுகங்களும் தட்டையான இடைமுகங்களும் நல்ல ஜோடி. ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். 7 அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் தாவியது 2013இல். கூகுளின் மெட்டீரியல் டிசைன் 2014இல் தட்டைப் பரப்புக்கே அளவான நிழலைத் திரும்பக் கொடுத்தது. அங்கே ஐந்து விநாடிச் சோதனைக்குப் பதில், "எதையெல்லாம் அழுத்தலாம், விரலால் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தட்டை வடிவம் சறுக்கும் இடம் அதுதான்: பொத்தானும் வெறும் தலைப்பும் ஒரே தோற்றத்தில் இருக்கும்.

ஒப்பிட்ட பிறகு இரண்டையும் கலக்கும் ஆசை வரும். கலக்கலாம். ஆனால் ஒன்று அமைப்பை ஆள வேண்டும், மற்றது மேற்பரப்பில் மட்டும் வர வேண்டும். டிசைனர் வோல்ஃப்காங் வைங்கார்ட் பாசலில் அதைத்தான் செய்தார்: எழுத்தைச் சிதறடித்தார், இடைவெளியை இழுத்தார், படியடுக்குகளாக வெட்டினார்; அடியில் சுவிஸ் ஒழுங்கு தெரிந்துகொண்டே இருந்தது, அதனால்தான் உடைப்பு உடைப்பாகத் தெரிந்தது. நம் உதாரணத்தில் 60 மி.மீ. கிரிட்டை அப்படியே வைத்து, படம் இருந்த ஆறு கட்டங்களுக்குள் மட்டும் நெளியும் எழுத்தையும் அதிரும் வண்ணத்தையும் அனுமதித்துப் பாருங்கள். அது நிற்கும். மேல்பாதி சுவிஸ், கீழ்ப்பாதி சைக்கடெலிக் என்று சரிபாதியாகப் பிரித்தால் நிற்காது. இரண்டு போஸ்டர்களை ஒட்டியதுபோல் இருக்கும். மங்கலாக்கும் சோதனையை இந்தக் கலவைக்கும் ஒருமுறை நடத்துங்கள். தொகுதிகள் சுவிஸ் வடிவத்தில் தெரிந்த அதே இடங்களில் தெரிந்தால் கிரிட் இன்னும் ஆள்கிறது. தெரியாவிட்டால் வண்ணப் பகுதியை ஆறு கட்டத்திலிருந்து நான்காகக் குறைத்து மறுபடி பாருங்கள்.